கரிக்கு அடியில் இருந்த தண்ணீர்

ஜம்புலிங்க முதலியார் தேடியது தண்ணீரைத்தான். 1935-ஆம் ஆண்டு, அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்து நெய்வேலியில், தன் நிலத்தில் கிணற்றுக்காகத் துளை போட்டார். குழாய் வழியே கறுப்பாக ஏதோ வந்தது. அதை அவர் அரசாங்கத்தின் பார்வைக்குக் கொண்டுபோனார். அந்தக் கறுப்புதான் பழுப்பு நிலக்கரி. அதன் பிறகு நெய்வேலியின் கதையை யார் சொன்னாலும் கரியின் கதையாகவே சொல்கிறார்கள். அனல்மின் நிலையம், டவுன்ஷிப், வேலைவாய்ப்பு, நிலம் கொடுத்தவர்கள், நிலம் கொடுக்க மறுப்பவர்கள் என்று எல்லாம் கரியைச் சுற்றியே வரும். முதலியார் தேடிய தண்ணீர் என்ன ஆயிற்று என்று கேட்பவர்கள் குறைவு. அங்கே சுரங்கம் வெட்டியவர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். அவர்களுக்குக் கரி இரண்டாவது வேலை, தண்ணீர்தான் முதல் வேலை.

அந்தத் தண்ணீரின் ஊரிலிருந்து தொடங்கலாம். பண்ருட்டியிலிருந்து விருத்தாசலம் பக்கம் பேருந்தில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள்: செம்மண் மேடு, முந்திரிக்காடு, வேலியோரம் பலா. எவ்வளவு பெரிய மழை பெய்தாலும் விட்ட அரை மணியில் தரை காய்ந்த மாதிரி இருக்கும். தண்ணீர் ஓடிப்போவதை விட உள்ளே இறங்குவதுதான் அதிகம். முந்திரி வேர்களைத் தாண்டி, செம்மண்ணைத் தாண்டி, மணலும் களியும் கூழாங்கல்லும் மாறி மாறி அடுக்கிய ஒரு பாறைக்குள் போகிறது. அந்தப் பாறைக்குப் புவியியல் புத்தகங்களில் நம் ஊர்ப் பெயர்தான்: கடலூர் மணற்கல். திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கும் மரங்கள் இதே பாறையைச் சேர்ந்தவை. மரம் ஓரிடத்தில் கல்லாயிற்று, இன்னோரிடத்தில் கரியாயிற்று.

இந்த அடுக்குகள் கடலை நோக்கிச் சாய்ந்தவை. மேட்டில் இறங்கிய தண்ணீர் சாய்வோடு கிழக்கே நகர்கிறது. கொஞ்ச தூரம் போனதும் அதன் தலைக்கு மேல் களிமண்ணும் நிலக்கரியும் கூரை போட்டுவிடுகின்றன. மேலே ஏற வழியில்லை, பின்னாலிருந்து வரும் தண்ணீரோ தள்ளிக்கொண்டே இருக்கிறது. தெருக்கோடியில் உயரமான மேல்நிலைத் தொட்டி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக் குழாய் மூடியிருக்கிறது. உள்ளே தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. பண்ருட்டி மேடுதான் அந்தத் தொட்டி, கரிக்கு அடியில் இருக்கும் மணல்தான் குழாய். யாராவது துளை போட்டால் குழாயைத் திறந்த மாதிரி. மோட்டார் இல்லாமல், இறைக்காமல், தானாகப் பொங்கி வரும். ஆர்ட்டீசியன் என்று பெரியவர்கள் இன்றும் சொல்வது இதைத்தான். அந்தச் சொல் பிரான்சின் ஆர்த்வா பகுதியிலிருந்து வந்தது. நம் பக்கத்தில் அது வேளாண்மைச் சொல்லாகவே ஆகிவிட்டது.

இந்தத் தண்ணீருக்கு வயது உண்டு. ஹைதராபாத்திலுள்ள தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவன அறிஞர்கள், ரேடியோ கார்பன் முறையில் கடலூர்ப் பகுதியின் ஆழ் நீரை ஆராய்ந்து, 1998-ல் அதன் முடிவை வெளியிட்டார்கள். கடந்த 30,000 ஆண்டுத் தட்பவெப்பத்தின் தடயம் அதில் பதிந்திருந்தது. மேட்டுப் பக்கத்தில் தண்ணீர் இளசு, கடலை நெருங்க நெருங்கக் கிழம். கணக்குப் போட்டால் வருடத்துக்கு ஒன்றிரண்டு மீட்டர்தான் நகர்ந்திருக்கும். கிழக்கே இருக்கும் ஒரு வயலில் ஆழ்துளைக் கிணறு தரும் தண்ணீர், வடக்கே பனியுகம் நடந்தபோது இங்கே பெய்த மழையாக இருக்கக்கூடும். நாற்றங்காலுக்குப் பாய்ச்சும்போது யாருக்கும் இது நினைவுக்கு வருவதில்லை, வரவும் வேண்டாம்.

இனி, மேலே இருந்து தோண்டிக்கொண்டு வருகிறவனின் பிரச்சினை.

நெய்வேலியில் கரிக்கு மேல் 50 மீட்டரிலிருந்து 100 மீட்டருக்கும் மேலாக மண்ணும் மணற்கல்லும் கிடக்கின்றன. அதற்குக் கீழே கரி, இடத்துக்கு இடம் 8 மீட்டர் முதல் 20 மீட்டருக்குச் சற்று மேல் வரை. கரிக்குக் கீழே முட்டிக்கொண்டு நிற்கும் தண்ணீரின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ. கேட்பதற்குச் சின்ன எண். சதுர மீட்டருக்கு மாற்றினால் குறைந்தது 60 டன். ஒரு சின்ன அறையின் தரையை, ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் அறுபது டன் வீதம், கீழேயிருந்து மேலே தூக்குகிறது என்று பொருள்.

தோண்டாதவரை இது தெரியாது. மேலே 70 மீட்டர் மண் இருந்தால் அதன் எடை சதுர மீட்டருக்கு 140 டன் போல வரும். தண்ணீர் எவ்வளவு முட்டினாலும் அசையாது. மண்ணை எல்லாம் வாரி அள்ளிக் கரியின் முகம் தெரியும் அளவுக்கு வந்தபின் மிச்சமிருப்பது என்ன? 15 மீட்டர் கரி. கரி கனமற்றது, தண்ணீரை விடக் கொஞ்சம்தான் கூட. எடை 17 டன் சுமார். மேலே 17, கீழே 60. தரை எண்ணெயில் போட்ட பூரிபோல் உப்பும், பிறகு வெடிக்கும், பிறகு குழி குளமாகும். நிலத்தடியில் தோண்டுகிற எல்லோருக்கும் இதுதான் முதல் பாடம். அள்ளுவது மண்ணை மட்டுமில்லை, அந்த மண் இதுவரை அழுத்திப் பிடித்திருந்த சமநிலையையும் சேர்த்துத்தான். எடுத்த எடைக்குப் பதில் எடை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் எதிரில் தள்ளுகிறவனை விலக்க வேண்டும்.

லண்டனில் தேம்ஸ் ஆற்றுக்கு அடியில் சுரங்கப்பாதை வெட்டிய மார்க் புரூனல் இதைப் பட்டுக் கற்றார். 1825-ல் தொடங்கிய வேலை. 1827-லும் 1828-லும் ஆறு உள்ளே புகுந்தது. முடிந்து திறந்தபோது 1843 ஆகியிருந்தது. தோண்டும் முகத்தை மரச்சட்டங்களால் தாங்கும் இரும்புக் கவசம் அவருடைய கண்டுபிடிப்பு. இன்று சென்னை மெட்ரோ தரைக்கடியில் ஓட்டும் இயந்திரம் அந்தக் கவசத்தின் பேரப்பிள்ளை. அது வெட்டிய மண்ணையே தன் முகப்பு அறையில் நிறைத்துவைத்து, வெளியிலிருந்து மண்ணும் தண்ணீரும் எவ்வளவு தள்ளுகின்றனவோ அவ்வளவு உள்ளிருந்து திருப்பித் தள்ளிக்கொண்டே நகர்கிறது. தண்ணீர் இருந்த இடத்தில் இருக்கும், மேலே இருக்கும் கட்டடமும் இருந்த இடத்தில் இருக்கும். இது ஒரு வழி. சிமென்ட்டையோ வேறெதையோ மண்ணுக்குள் செலுத்தித் தண்ணீர் வரும் இடுக்குகளை அடைப்பது இன்னொரு வழி.

நெய்வேலிக்கு இரண்டும் ஆகவில்லை. அங்கே வேண்டியது ஒரு பாதை இல்லை, பல சதுர கிலோமீட்டர் கரி. சுரங்கப்பாதை போட்டு உள்ளே போய் எடுக்கலாமே என்றால், பாறைக்கு ஒரு குணம் வேண்டும்: தோண்டியபின் தாங்குகால் வைக்கும் வரையாவது கூரை தானாக நிற்க வேண்டும். கருங்கல் வருடக்கணக்கில் நிற்கும். நனைந்த மணல் ஒரு நிமிஷம்கூட நிற்காது. கடலூர் மணற்கல்லை நம்பி அதன் அடியில் ஆளை அனுப்ப முடியாது. ஆகவே மேலிருந்தே திறந்துகொண்டு போவது என்று முடிவாயிற்று. அப்படித் திறந்தால் தண்ணீரை எதிர்த்துத் தள்ளவும் முடியாது, அடைக்கவும் முடியாது. மிஞ்சிய ஒரே வழி, அதை முன்கூட்டியே வெளியே வரச் சொல்வது.

எத்தனை கிணறு, எவ்வளவு நேரம், எவ்வளவு தூரத்துக்கு அழுத்தம் குறையும் என்பதற்கு ஒரு கணக்கு வேண்டும். அமெரிக்க நீரியல் அறிஞர் சார்லஸ் தீஸ், இறைக்கும் கிணற்றைச் சுற்றி நீர்மட்டம் நேரத்தோடு எப்படி இறங்கும் என்ற சூத்திரத்தை வெளியிட்டதும் அதே 1935-ல்தான். முதலியார் நிலத்தில் கறுப்பு வந்த அதே வருடம் அந்தக் கறுப்பை எடுக்கத் தேவைப்படும் சூத்திரமும் எங்கோ அச்சாகியிருக்கிறது. கதையில் எழுதினால் நம்ப மாட்டார்கள்.

நாற்பதுகளில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை துளையிட்டுப் பார்த்தது. ஐம்பதுகளில் சென்னை மாநில அரசு சோதனைக் குழி வெட்டியது. பவல் டஃப்ரின் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் ஆய்ந்து சாத்தியம் என்றது. 1956 நவம்பரில் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பிறந்தது. 1957 மே மாதம் நேரு வந்து வேலையைத் தொடங்கிவைத்தார். ஆலோசனை பிரிட்டனுடையது, மண்வெட்டும் ராட்சதச் சக்கரங்கள் ஜெர்மனியுடையவை, மின் நிலையம் சோவியத் உதவி. பனிப்போர் உச்சத்தில் இருந்த காலத்தில் இந்த மூவரும் ஒரே செம்மண்ணில் வேலை செய்தார்கள்.

1961-ல் பம்புகள் ஓடத் தொடங்கின. குழியைச் சுற்றிலும் கிணறுகள், எல்லாம் கரியைத் துளைத்துக்கொண்டு அதன் அடியிலிருக்கும் மணல்வரை இறங்கியவை. ஒரு கிணறு இறைத்தால் அதைச் சுற்றி நீரழுத்தம் கூம்பு வடிவத்தில் தாழும். பல கிணறுகளின் கூம்புகள் ஒன்றோடொன்று கலந்தால் நடுவில் பெரிய தட்டுபோல ஒரு பள்ளம் உண்டாகும். அந்தத் தட்டு கரியின் அடிமட்டத்துக்குக் கீழே இறங்கினால்தான் குழிக்குள் ஆள் பயமின்றி நிற்கலாம். அந்த ஆண்டு ஆகஸ்டில் கரி வெளிச்சம் பார்த்தது. 1962-ல் முதல் 50 மெகாவாட் இயந்திரம் ஓடிற்று.

பம்பை ஒருமுறை போட்டுவிட்டு மறந்துவிட முடியாது என்பதுதான் இந்த வேலையின் சங்கடம். கரி வெட்டும் முகம் நகர்ந்துகொண்டே இருக்கும். அதற்கு முன்னால் கிணறுகளும் நகர வேண்டும். படிக்கட்டுபோல நான்கு படி மண்ணுக்கு, கடைசிப் படி கரிக்கு. ஒவ்வொரு படியிலும் ஒரு பக்கெட் வீல் இயந்திரம் சுற்றிச் சுற்றிச் சுரண்டும். பெரியவற்றில் ஒரு வாளிக்கு 1,400 லிட்டர். சுரண்டிய மண் கன்வேயரில் ஏறி, கரி எடுத்து முடித்த பின்பக்கக் குழிக்குப் போய், ஸ்ப்ரெடர் வழியாகக் கொட்டப்படுகிறது. ஒரு டன் கரிக்குச் சுமார் ஐந்தரைக் கன மீட்டர் மண் தள்ள வேண்டும். அப்படிப் பின்னால் குவியும் மண் வெறும் குப்பையில்லை. அது எடை. எடுத்த 140 டன்னைத் திருப்பி வைக்கிற வேலை அங்கே நடக்கிறது. மண் மூடிய இடத்தில் தரை மறுபடி பத்திரம், பம்புகள் முன்னே போகலாம். குழி என்று நாம் சொல்வது உண்மையில் ஒரு பயணி. முன்னால் தின்று பின்னால் மூடிக்கொண்டு, அறுபது வருடங்களாக ஊர் ஊராக நடக்கிறது.

ஜெர்மன் சக்கரங்களுக்கும் ஒரு பாடம் கிடைத்தது. ரைன் பக்கத்து மெத்தென்ற மண்ணில் பழகிய பற்கள், கடலூர் மணற்கல்லின் கடினத்திலும் அரம் போன்ற சொரசொரப்பிலும் வேகமாகத் தேய்ந்தன. வெடிவைத்துப் பாறையைத் தளர்த்திய பிறகே சக்கரத்தை விட வேண்டியிருந்தது.

மழை வேறு. கீழிருந்து வருவதைக் கணக்குப் போட்டு இறைக்கலாம், மேலிருந்து விழுவதற்குக் கணக்கில்லை. 2015 நவம்பர் 9-ஆம் தேதியை ஒட்டி நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிற்று. அப்படிப்பட்ட நாளில் இந்தக் குழி மாவட்டத்தின் மிகப் பெரிய கிணறு.

மேலே வந்த தண்ணீருக்கு என்ன ஆகிறது? கொஞ்சம் அனல்மின் நிலையத்துக்கும் டவுன்ஷிப் குழாய்களுக்கும் போகிறது. மிச்சம் வாய்க்காலில். செங்கால் ஓடை, பரவனாறு என்று இறங்கி, கரைமேட்டுப் பக்கம் வாலாஜா ஏரியை அடைந்து, அங்கிருந்து குறிஞ்சிப்பாடி வட்டத்துப் பெருமாள் ஏரிக்குச் செல்கிறது. ஆயிரக்கணக்கான வருடம் இருட்டில் கிடந்தது சில நாளில் நெல்லுக்குப் பாய்கிறது. மழைக்கு மட்டும் நீர் பார்த்த பரவனாறு கோடையிலும் ஓடுவதற்குச் சுரங்கம்தான் காரணம். இதை அந்தப் பக்கத்து விவசாயிகள் மறுப்பதில்லை. அதே நேரம், மண்மேடுகளிலிருந்து மழையில் கரைந்து வந்த வண்டல் வாலாஜா ஏரியைத் தூர்த்து, ஏரி என்று சொல்ல முடியாத நிலைக்குக் கொண்டுபோனதையும் அவர்கள் மறக்கவில்லை. 2010-களின் தொடக்கத்தில் தூர் வாரியபின்தான் அது மறுபடி ஏரியாயிற்று.

போகிற வழியில் வடலூர். சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823-ல் பிறந்த வள்ளலார் சத்திய ஞான சபை எழுப்பிய ஊர். பக்கத்திலேயே கருங்குழி என்ற கிராமம். அங்கே அவர் தண்ணீரில் விளக்கெரித்தார் என்பது ஊர் நம்பிக்கை. கருங்குழி என்ற பெயரை யார் எப்போது வைத்தார்களோ, கூப்பிடு தூரத்தில் ஒரு நிஜக் கருங்குழி வரப்போவது அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அந்தக் குழியில் விளக்கெரிவதற்கும் தண்ணீரைத்தான் முதலில் கவனிக்க வேண்டியிருக்கிறது. இறைக்கும் பம்புக்கு மின்சாரம், மின்சாரத்துக்குக் கரி, கரிக்கு இறைப்பு. எதை முதலில் நிறுத்தினாலும் மற்ற இரண்டும் நின்றுவிடும்.

அழுத்தத்தைக் குறைப்பது என்று பொறியாளர் சொல்வதும், கிணறு வற்றுவது என்று சம்சாரி சொல்வதும் ஒரே நிகழ்ச்சிதான் என்பது என் துணிபு. வரைபடத்தில் அழகாக இறங்கும் அந்தக் கூம்பின் விளிம்பு குழியின் வேலியோடு நின்றுவிடுவதில்லை. தானாகப் பொங்கிய குழாய்கள் முதலில் பொங்குவதை நிறுத்தின. பிறகு ஆயில் எஞ்சின் வந்தது, பிறகு கம்ப்ரசர், பிறகு நீர்மூழ்கி மோட்டார். ஒவ்வொரு கோடையிலும் இன்னும் இரண்டு குழாய் இறக்க வேண்டும் என்று போர்க்காரர் சொல்வது இந்தப் பக்கத்தில் பஞ்சாங்கம் மாதிரி ஆகிவிட்டது. முழுப் பழியையும் சுரங்கத்தின் மேல் போடுவதும் நியாயமில்லை. இலவச மின்சாரத்தில் ஆயிரக்கணக்கான மோட்டார்கள் அதே மணலிலிருந்துதான் இறைக்கின்றன, கடலூர்த் தொழிற்பேட்டையும் அதே நிலத்தின் மேல்தான் இருக்கிறது. ஆனால் சுரங்கத்துக்கும் வயலுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. வயலில் இறைப்பவருக்கு அந்தத் தண்ணீர் வேண்டும், சுரங்கத்தில் இறைப்பவருக்கு அது வேண்டாம்.

சிதம்பரம், பரங்கிப்பேட்டை பக்கம் கவலை வேறு விதம். அங்கே மேல்மட்ட நீரில் கடலின் உப்பு எட்டிப் பார்க்கும் ஊர்கள் உண்டு. நல்ல தண்ணீர் வேண்டுமானால் ஆழத்தில் இருக்கும் கடலூர் மணற்கல் வரை போக வேண்டும். கடலோர நிலத்தடி நீருக்கு ஒரு பழைய விதி இருக்கிறது: கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே நாற்பது அடி உப்புநீரை அது தள்ளிப் பிடிக்கும். அந்த ஓரடியை இழந்தால் நாற்பது அடியும் போயிற்று. மேற்கே அழுத்தம் குறைந்தால் கிழக்கே உப்பு ஏறுமோ என்பதால்தான் இந்த மாவட்டத்தின் நிலத்தடி நீர் இத்தனை ஆய்வாளர்களை இழுத்திருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் புவி அறிவியல் துறைக்குப் பாடம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. ரயிலடியிலிருந்து பார்த்தால் பாடப்புத்தகம் காலுக்கடியில் கிடக்கிறது.

2004-ல் வீராணம் ஏரித் தண்ணீர் சென்னைக்குப் போகத் தொடங்கியபோது, சேத்தியாத்தோப்பில் இறைத்து நெய்வேலியை ஒட்டிய வடக்குத்தில்தான் சுத்திகரித்தார்கள். ஏரி வற்றிய வருடங்களில் நெய்வேலிப் பக்கத்து ஆழ்நீரும் அந்தக் குழாயில் சேர்ந்து வடக்கே பயணம் போனது. எந்தக் காலத்து மழையோ சென்னை அடுக்குமாடியின் சொட்டும் குழாயில்.

குழி நடந்துகொண்டே இருப்பதால், ஒரு நாள் ஆறு குறுக்கே வந்தது. நெய்வேலியின் இரண்டாவது சுரங்கம் முன்னேற வேண்டுமானால் பரவனாற்றை வேறு தடத்தில் திருப்பியாக வேண்டும். பொறியியல் கண்ணில் இது எளிய விதி: வெட்டும் முகத்துக்கு அருகே ஆற்றை விடக்கூடாது, விட்டால் படிகள் சரியும். 2023 ஜூலை 26-ஆம் தேதி வளையமாதேவியில் அந்தப் புதிய தடத்துக்காக, விளைந்துகொண்டிருந்த நெற்பயிரின் மேல் மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது ஒரு தரப்பு. விதைத்ததை அறுக்கவாவது விட்டிருக்கலாமே என்றது மறுதரப்பு. வழக்கு உயர் நீதிமன்றம் போனது. பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு என்று உத்தரவாயிற்று. கட்டுமானத்தில் எல்லா எடையையும் எதிர் எடை வைத்துச் சரிக்கட்டிவிடலாம் என்று நம்புகிறவர்கள் அந்த வாரத்தின் புகைப்படங்களைப் பார்த்திருக்க வேண்டும். பச்சைக்கு நடுவே ஒரு சிவப்புக் கோடு.

அந்தக் கோட்டின் வழியேயும் இப்போது தண்ணீர் கிழக்கே போகிறது. வாலாஜா, பெருமாள் என்று ஏரிகளில் தங்கி, வயல்களில் பிரிந்து, வடிகாலில் மறுபடி சேர்ந்து, கடலோரம் வந்ததும் வடக்கே திரும்பிக் கடற்கரைக்கு இணையாக ஓடி, உப்பனாறாகக் கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் கலக்கிறது. அங்கே விசைப்படகுகள் நெருக்கியடித்து நிற்கும். மாலையில் ஏற்றம் வரும்போது கடல் உள்ளே தள்ளும், ஆறு பின்வாங்கும், ஒரு மணி நேரம் எதுவும் எந்தப் பக்கமும் போகாமல் படகுகள் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். நெய்வேலியில் அந்நேரம் ஷிப்டுக்கு ஆள் ஏறியிருப்பார்கள். பம்புகள் ஓடிக்கொண்டிருக்கும்.